‘உடு’ என்று சொன்னது யார்?

அன்று அந்தப் பந்தை விடச் சொன்னது யார்?

இந்தக் கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. பந்தை எறிந்த ஜமுனா ஒன்று சொல்கிறாள். என் கணவர் வேறொன்று சொல்கிறார். எங்கள் மூன்றரை வயது மகள் யாழினி, தான்தான் சொன்னதாக சிலிண்டர் போட வருகிறவர் வரை எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். பயிற்சியாளர் என்ற முறையில் சொல்லியிருக்க வேண்டியவள் நான். எனக்கு நினைவிருப்பது, அந்த நேரத்தில் என் வாய் திறந்திருந்தது என்பது மட்டும்தான்.

திருவள்ளூரில் நடந்த மாவட்டப் போட்டி அது. பள்ளி மாணவிகளுக்கான ஹேண்ட்பால் இறுதி ஆட்டம். காலையில் தெளித்த தண்ணீர் எப்போதோ காய்ந்து, சுண்ணாம்புக் கோடுகள் பாதி எங்கள் பெண்களின் முட்டியில் ஏறியிருந்தன. பந்தலுக்குப் பக்கத்தில் இருந்த நீர்மோர் அண்டாவிலிருந்து கொத்தமல்லி வாசனை வந்துகொண்டிருந்தது. இரண்டு அணியும் சம கோல். ஆட்டம் முடிய ஒரு மூச்சு நேரம் இருந்திருக்கும்.

பந்து ஜமுனாவின் கையில். நடுக்கோட்டைத் தாண்டி நின்று, பந்தைத் தரையில் தட்டியபடி என்னைப் பார்த்தாள். எறியட்டுமா, வைத்திருக்கட்டுமா என்று கண்ணாலேயே கேட்டாள்.

எறிந்து தவறினால், எதிரணியில் குதிரை மாதிரி ஓடும் ஒரு பெண் இருந்தாள். பந்தை எடுத்துக்கொண்டு எங்கள் கோலுக்குப் போய்விடுவாள். வைத்திருந்தால் கூடுதல் நேரம் ஆடச் சொல்வார்கள். ஆனால் எங்கள் பெண்களிடம் கூடுதலாக ஓடுவதற்குக் கால் மிச்சமில்லை.

தோற்றால் போவது கோப்பை மட்டுமல்ல. இந்த வருடமும் மாவட்டத்தில் ஜெயிக்காவிட்டால் ஹேண்ட்பால் மைதானத்தைப் பள்ளிப் பேருந்துகள் நிறுத்தும் இடமாக மாற்றிவிடப்போவதாக எங்கள் தாளாளர் சொல்லியிருந்தார். பேருந்துகளுக்கு நிழல் வேண்டுமாம். தகரக் கூரை போட அளவெடுத்துக்கொண்டுகூடப் போய்விட்டார்கள். அதே தாளாளர் பந்தலில் முதல் வரிசையில் இருந்தார். பக்கத்து நாற்காலியில் என் கணவர். அவர் மடியில் யாழினி.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன்.

ஃபவுலை மட்டும் ஆடுகிறவர்கள்

போன வாரம் இதே பத்தியில், பந்து பட்டு என் இடது சுண்டு விரல் வளைந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, வாலிபாலில் இவ்வளவு ஆபத்து இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். அவர்மீது தவறில்லை. நான்தான் சரியாக விளக்கவில்லை போலிருக்கிறது. (எழுதியதை அச்சில் பார்த்த பிறகு எனக்கு எப்போதும் இப்படித்தான் தோன்றும்.)

ஹேண்ட்பால் என்பது வாலிபால் இல்லை. பக்கத்துக்கு ஏழு பேர் நின்று, பந்தைக் கையால் எறிந்து கோல் போட வேண்டும். அவ்வளவுதான். இதைப் பல வருடங்களாக உறவினர்களுக்கு விளக்கி வருகிறேன். என் சித்தி இன்றைக்கும் என்னை ‘த்ரோபால் டீச்சர்’ என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்.

பெண் பார்க்க வந்த அன்று என் கணவர் கேட்ட முதல் கேள்வியும் இதைப் பற்றித்தான்.

“ஹேண்ட்பாலா? ஃபுட்பால்ல கை பட்டா ஃபவுலு இல்ல? நீங்க அந்த ஃபவுல மட்டும் தனியா எடுத்துகினு ஆடறீங்களா?”

அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் காபித் தட்டோடு நின்றபடி விதிகளை விளக்க ஆரம்பித்துவிட்டேன். கோலுக்கு முன்னால் இருக்கும் வளைந்த கோடு, அதற்குள் கோல்கீப்பர் தவிர யாரும் கால் வைக்கக் கூடாது, பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இஷ்டத்துக்கு நடக்கக் கூடாது என்று வரிசையாகச் சொன்னேன். முடித்தபோது காபி ஆறியிருந்தது. அவர் அதைக் குடித்துவிட்டு, சரி என்றார். எதற்குச் சரி என்று எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

நான் கோல்கீப்பர் ஆனது தைரியத்தால் அல்ல. பள்ளியில் எங்கள் பி.டி. மாஸ்டர் பந்தை எறிந்தால் மற்ற பெண்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். நான் பயத்தில் நின்ற இடத்திலேயே நின்று, இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் தூக்கிவிடுவேன். பந்து கையில் பட்டுக் கீழே விழும். மாஸ்டர் அதைத் திறமை என்று நினைத்துவிட்டார்.

அவருடைய அந்தத் தவறான எண்ணத்தை வைத்துக்கொண்டு நான் மாவட்டம், பல்கலைக்கழகம் என்று ஆடி, ஒருமுறை வட இந்தியா வரை போய் வந்தேன். அங்கே பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டேன். அதையும் பொறுப்பாகத்தான் செய்தேன். ஒரு பாட்டில்கூடத் தொலையவில்லை.

யாழினி வயிற்றில் வந்தபோது ஆடுவதை நிறுத்தினேன். அவள் தவழ ஆரம்பித்த சமயம், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை வேலை கிடைத்தது. அதுவரை கோலுக்குள் நின்று பயந்துகொண்டிருந்தவள், கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பயப்பட ஆரம்பித்தேன்.

இது அதைவிடக் கஷ்டம். கோலுக்குள் நின்றால் பந்து முன்பக்கத்திலிருந்து மட்டும்தான் வரும்.

“படமா ரிலீஸ் பண்ற?”

எங்கள் அணிப் பெண்கள் எல்லோரும் தொழிற்பேட்டைக் குடும்பங்களிலிருந்து வருகிறவர்கள். ஒருத்தி வீட்டில் தமிழ், ஒருத்தி வீட்டில் தெலுங்கு, ஒருத்தி வீட்டில் ஒடியா. பொதுவாக இருக்கட்டும் என்று ஆங்கிலத்தில் கட்டளை வைத்துக்கொண்டேன். பந்தை விட வேண்டிய நேரத்தில் “ரிலீஸ்” என்று கத்துவேன். நான் அந்தச் சொல்லின் கடைசி எழுத்துக்கு வருவதற்குள் எதிரணி பந்தைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கும்.

என் கணவர் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஷிப்ட் முடிந்து என்னை அழைத்துப்போக வருபவர், மைதானத்து வேலிக்கு வெளியே வண்டியில் உட்கார்ந்தபடி சில நாள் இதைப் பார்த்திருக்கிறார். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

“இன்னா, ரிலீஸு ரிலீஸுன்னுகினு கீற? படமா ரிலீஸ் பண்ற? உடுன்னு சொல்லு. எங்கூர்ல வலைய எறக்கறதுக்கு அப்பிடித்தான் சொல்லுவாங்க.”

அவர் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்தவர். படகில் ஒருவர் ‘உடு’ என்று சத்தம் கொடுத்தால், அடுத்தவர் கையிலிருக்கும் வலை அந்த நொடியே தண்ணீரில் இறங்கிவிட வேண்டும். யோசிக்கவெல்லாம் நேரம் கிடையாது.

என் அப்பாவுக்கும் அதே கரைதான். ஆனால் நான் பிறப்பதற்கு முன்பே ஆலை வேலைக்கு வந்துவிட்டதால் எங்கள் வீட்டில் குரல் பாதியாகிவிட்டது. என் கணவர் வீட்டில் யாரும் குறைக்கவில்லை. காற்றை மீறி ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குப் பேசிப் பழகிய குரல். எங்கள் வீட்டில் அவர் உப்பு கேட்டால் எதிர்வீட்டிலிருந்து உப்பு வரும்.

நான் படித்தவள் ஆயிற்றே. முதலில் ‘விடு’ என்று திருத்திச் சொல்லிப் பார்த்தேன். அதில் வேகம் வரவில்லை. உதடு பல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பந்து போய்விடுகிறது. கடைசியில் ‘உடு’ என்றே வைத்துக்கொண்டோம். அந்த ஒரு சொல்லில் எங்கள் அணியே மாறிவிட்டது. ஒடியா பேசும் பெண்கூட அதை வீட்டுக்குக் கொண்டுபோய், தம்பி கையிலிருக்கும் ரிமோட்டை வாங்கப் பயன்படுத்தினாளாம்.

ஜமுனா மட்டும் ஒரு தனிப் பிரச்சினை. ஆரம்பாக்கம் பக்கத்துத் தெலுங்கு வீட்டுப் பெண். அவளுடைய நைனா லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டுகிறவர். அந்தத் தோள் அப்படியே மகளுக்கும் வந்திருக்கிறது. அவள் எறிந்தால் பந்து போவது தெரியாது, வலை ஆடுவதுதான் தெரியும். ஆனால் கைக்கு வந்த பந்தை விட அவளுக்கு மனசே வராது. நான் ‘உடு’ என்ற பிறகுதான் எறிவாள். நாளாக ஆக, நான் சொல்லாமல் அவள் எறிவதே இல்லை என்றாகிவிட்டது.

அதை ஒழுக்கம் என்று நினைத்து நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மன் சந்நிதியில் ஒரு கோல்

யாழினியை வேறு யாரிடமும் விட மனமில்லாமல் மைதானத்துக்கே தூக்கிப்போவேன். கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் பாய் விரித்து, தலையில் தொப்பி, முட்டியில் பஞ்சு வைத்த உறை, பக்கத்தில் கொதித்து ஆறிய தண்ணீர் என்று எல்லாப் பாதுகாப்போடும் உட்கார வைத்திருந்தேன். காதுக்கு ஒரு பாதுகாப்பு வைக்க மறந்துவிட்டேன்.

அவள் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டாள். யாராவது ‘உடு’ என்றால் கையில் இருப்பதை எறிந்துவிடுவாள். அதுவும் சும்மா போடுவதில்லை. தோளுக்கு மேல் கையைத் தூக்கி, முன்காலை ஊன்றி, ஒழுங்கான முறையில் எறிவாள். என் கைபேசி சாம்பாருக்குள் போனது. பக்கத்து வீட்டுக்காரர் பழைய சண்டை ஒன்றைப் பற்றி என் கணவரிடம், “போனா போது உடுப்பா” என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் நெற்றியில் ஒரு டம்ளர் வந்து விழுந்தது. சண்டை முதலிலிருந்து ஆரம்பித்தது.

குழந்தை மருத்துவரிடம் அழைத்துப்போனேன். இந்த வயதில் எல்லாக் குழந்தைகளும் எறியும் என்றார். இவ்வளவு சரியாக எறியுமா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சந்தேகத்தில் இன்னொரு மருத்துவரிடமும் போனேன். அவரும் அதையே சொன்னார். இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னதால் எனக்கு இன்னும் சந்தேகம் வந்தது.

பெரியபாளையம் அம்மன் கோவிலுக்குப் போனபோது எல்லை மீறிவிட்டது. வரிசையில் முன்னால் நின்ற அம்மாவின் தட்டிலிருந்து யாழினி ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டாள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, “உடும்மா கண்ணு, அது சாமிக்கு” என்றார். பழம் எங்கள் தலைகளுக்கு மேலாகப் பறந்து, சந்நிதி மணியில் பட்டு, ‘டங்’ என்று ஒரு சத்தம் வந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், வரிசையில் நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா இன்னொரு எலுமிச்சம்பழத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“என் மவனுக்குப் பொண்ணு அமையணும்மா. பாப்பாவ இன்னொரு தபா போடச் சொல்லு.”

அன்று மாலையே வீட்டில் சட்டம் போட்டேன். மைதானத்துக்கு வெளியே ‘உடு’ என்ற சொல்லை யாரும் பயன்படுத்தக் கூடாது. ‘வை’ என்று சொல்லலாம், ‘கொடு’ என்று சொல்லலாம். என் கணவர் ஒத்துக்கொண்டார். ஆனால் மீன்காரக் குடும்பத்தில் பிறந்தவரை நாலு பேர் நடுவில் ‘வை’ என்று மென்மையாகச் சொல்ல வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

பந்தலில் நடந்தது

இனி திருவள்ளூருக்குத் திரும்புகிறேன்.

நான் கோட்டுக்கு வெளியே பெஞ்சில் இருந்தேன். ஜமுனா பந்தைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்க்கிறாள். நான் வாயைத் திறந்தேன். ‘உடு’ என்று சொல்லத் திறந்தேனா, ‘வச்சிக்கோ’ என்று சொல்லத் திறந்தேனா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. இரண்டும் தொண்டையில் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன.

அதே நேரம் எனக்குப் பின்னால் பந்தலில், யாழினி என் கணவர் மடியிலிருந்து எட்டித் தாளாளரின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கியிருக்கிறாள். தங்க ஃபிரேம். தாளாளர் சிரித்தபடி கையை நீட்டியிருக்கிறார். அவள் கொடுக்கவில்லை. என் கணவர் மெதுவாக “கொடு” என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். “வை” என்றும் சொல்லியிருக்கிறார். சட்டப்படி எல்லாம் செய்த பிறகு, ஃபிரேம் வளைவதைப் பார்த்ததும் பதறிப்போய், ஏரியின் அடுத்த கரைக்குக் கேட்கும் அந்தக் குரலில் கத்திவிட்டார்.

“உடு!”

பந்தும் கண்ணாடியும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பறந்தன.

பந்து நடுக்கோட்டுப் பக்கத்திலிருந்து போய், எதிரணி கோலின் மேல் மூலையில் நுழைந்தது. அவர்கள் கோல்கீப்பர் பெண் தடுக்கவே இல்லை. இப்படி ஒரு குரலை அவள் வாழ்க்கையில் கேட்டதில்லை போலிருக்கிறது, பந்தலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். கண்ணாடி அழகாக ஒரு வளைவு போட்டு நீர்மோர் அண்டாவுக்குள் இறங்கியது. நீண்ட விசில் ஊதினார்கள். ஆட்டம் முடிந்தது.

இதையெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் எழுதுகிறேன். அந்தச் சத்தம் கேட்டதும் நான் பழைய பழக்கத்தில் இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் தூக்கிவிட்டேன். என் பயிற்சி வாழ்க்கையின் மிகப் பெரிய கோலை நான் பார்க்கவில்லை.

எதிரணிப் பயிற்சியாளர் நடுவரிடம் போய்ச் சண்டை போட்டார். கூட்டத்துக்குள் ஆளை உட்கார வைத்துக் கத்த வைத்திருக்கிறார்கள் என்றார். நடுவர் யார் கத்தியது என்று பந்தலைப் பார்த்தார். என் கணவர் அங்கே இல்லை. அண்டாவுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு, மோர் ஊற்றுகிறவரோடு சேர்ந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையாளர்கள் கத்தத்தான் செய்வார்கள், கோல் கோல்தான் என்று நடுவர் சொல்லிவிட்டார்.

கண்ணாடி கடைசியில் கரண்டியில் ஏறி வந்தது. தாளாளர் அதைக் கழுவித் துடைத்துப் போட்டுக்கொண்டு, என்ன நடந்தது என்று கேட்டார். அவரும் கோலைப் பார்க்கவில்லை. விவரிக்கச் சொல்லி என்னைக் கேட்டார். பார்க்காத நான், பார்க்காத அவருக்கு அதை விவரித்தேன். ‘உடு’ என்று சொன்னது நானில்லை என்பதையும் அப்போதே சொல்லிவிட்டேன்.

அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். மறுவாரம் பள்ளிக் காலை வணக்கக் கூட்டத்தில் என் அடக்கத்தைப் பற்றி நீண்ட நேரம் பேசினார். மைதானம் மைதானமாகவே இருக்கும், பேருந்துகள் வெயிலில் நிற்கட்டும் என்றார். பெண்கள் கை தட்டிய தட்டில் வேப்பமரத்துக் காகங்கள் எழுந்து பறந்தன. நான் மேடையில் நின்றபடி, மறுபடியும் ஒருமுறை விளக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வேதியியல் டீச்சர் கைபேசியில் எல்லாவற்றையும் படம் பிடித்திருந்தார். அதைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும் என்று ஆசையோடு வாங்கிப் பார்த்தேன். ஜமுனா பந்தைத் தட்டுவது தெரிகிறது. பெஞ்சில் நான் வாயைத் திறந்துகொண்டு இருப்பது தெரிகிறது. உடனே தங்க நிறத்தில் ஏதோ ஒன்று குறுக்கே பறந்து வருகிறது. டீச்சர் ஐயோ என்கிறார். பிறகு வானமும் பந்தல் துணியும் மட்டும்தான்.

வேனில் ஜமுனா சொன்னது

என் கணவருக்கு இதில் சந்தேகமே இல்லை. அந்தக் கோல் அவருடையது. கிடங்கில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்துவிட்டார்.

ஆனால் அன்று திரும்பி வரும்போதே ஜமுனா வேறு மாதிரி சொன்னாள். பெரியபாளையம் சாலையில் வேன் வந்துகொண்டிருந்தது. யாழினி என் மடியில் ஐஸ் ஒழுகிய சட்டையோடு தூங்கிக்கொண்டிருந்தாள். பின் இருக்கைகளில் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். ஜமுனா எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“மேடம், ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?”

மாட்டேன் என்றேன்.

“சார் கத்தறதுக்கு முன்னாடியே நான் உட்டுட்டேன் மேடம்.”

நான் மடியில் சரிந்த யாழினியைத் தூக்கிச் சாய்த்துக்கொண்டேன்.

“நீங்க வாயத் தொறந்தீங்க. சவுண்டு வருமா வருமான்னு பாத்துகினே இருந்தேன். வரல. சரி, மேடத்துக்கே தெரியல போல, நம்மளே பாத்துக்கலாம்னு உட்டுட்டேன். அப்புறந்தான் சார் குரலு வந்துச்சு.”

முன் இருக்கையில் இருந்த என் கணவர் திரும்பினார். “யம்மா, நான் உடுன்னேன், நீ உட்ட. ஊரே கேட்டுச்சு.”

“இல்ல சார். பந்து போயிகினு இருக்கும்போதுதான் நீங்க கத்தினீங்க.”

“அப்ப அந்த கோல்கீப்பரு எதுக்குத் திரும்புனா?”

ஜமுனா அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. சாலையில் ஒரு வேகத்தடை வந்து எல்லோரும் ஒருமுறை குதித்தோம். யாழினி கண்ணைத் திறக்காமலே, “நா சொன்னேன்” என்றாள்.

ஜமுனா குரலைத் தாழ்த்திக்கொண்டு, வந்த விஷயத்தைச் சொன்னாள்.

“அடுத்த மேட்ச்லயும் அதே மாதிரி வாயத் தொறந்துகினு உக்காந்துகினு இருப்பீங்களா மேடம்? ஒண்ணும் சொல்லாம?”

அவள் கிண்டல் செய்யவில்லை. முகத்தைப் பார்த்தேன். எறியட்டுமா என்று கேட்கும்போது இருக்கும் முகம் அது. என்ன பதில் சொல்வது என்று தெரியாமல், பார்க்கலாம் என்றேன். பெரியவர்கள் முடியாது என்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்று பதினாறு வயதுப் பெண்ணுக்குத் தெரியாதா? அவள் தலையை ஆட்டிவிட்டுப் பின்னால் போய்விட்டாள்.

அன்று இரவு, அப்படியே இருக்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றியது. காலையில், சொல்லாததே நல்லது என்று தோன்றியது.

வாயை மூடிப் பழகுதல்

மாவட்டத்தில் ஜெயித்தவர்கள் அடுத்து ஆட வேண்டிய மண்டலப் போட்டி நெருங்கிக்கொண்டிருக்கிறது. ஜமுனா சொன்னதைச் செய்து பார்ப்போம் என்று பயிற்சியில் முயற்சி செய்தேன்.

முதலில் வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு பெண் கோட்டை மிதித்தாள். தண்ணீரை விழுங்கிவிட்டுக் கத்தினேன். அடுத்த நாள் விசிலைப் பல்லுக்கு நடுவில் கடித்துக்கொண்டேன். நான் பதற்றத்தில் மூச்சு விட விட விசில் ஊதியது. பெண்கள் ஒவ்வொரு முறையும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஒரு புளிப்பு மிட்டாயும் வைத்துப் பார்த்தேன். அதைப் பற்றி எழுத வேண்டாம் என்று என் கணவர் சொல்கிறார். தொண்டையில் சிக்கியதை முதுகில் தட்டி எடுத்தவர் அவர்தான்.

சரி, வீட்டில் பழகினால் மைதானத்தில் வரும் என்று நினைத்தேன்.

யாழினி ஒருநாள் மாலை, தானே பாலை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போவேன் என்று அடம் பிடித்தாள். வழக்கமாக நான் பின்னாலேயே போவேன். மெதுவா போ, கீழே பாரு, கால்மிதியில் தடுக்கும், இரண்டு கையாலும் பிடி என்று சொல்லிக்கொண்டே போவேன். அன்று டம்ளரைக் கொடுத்துவிட்டு சமையலறை வாசலில் நின்று, உதட்டை அழுத்தி மூடிக்கொண்டேன்.

அவள் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நாக்கை வெளியே நீட்டியபடி, பாலிலிருந்து கண்ணை எடுக்காமல் நடந்தாள். கால்மிதியைத் தாண்டினாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

பாதி வழியில் அவள் நின்றுவிட்டாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

“அம்மா, சொல்லு.”

“என்ன சொல்லணும்?”

“சொல்லு” என்றாள் மறுபடியும். பால் விளிம்பு வரைக்கும் ஆடிக்கொண்டிருந்தது. நான் சொன்னால்தான் நடப்பாள் போலிருந்தது. பந்தைத் தட்டியபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்ற ஜமுனாவின் முகம் இவளுக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை.

நான் வாயைத் திறந்தேன். அதே இரண்டு சொற்கள் அதே இடத்தில் இடித்துக்கொண்டு நின்றன. அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அலுத்துப்போய், நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்து பாலைக் குடித்து முடித்துவிட்டாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. ஆனால் முன்னறைக்கும் போகவில்லை. இது எனக்கு வெற்றியா, தோல்வியா, சமமா?

ஆகவே இதைப் படிப்பவர்களில் பிள்ளைகளை வளர்த்தவர்களும், அணிகளை வளர்த்தவர்களும் எனக்கு ஒரு யோசனை சொல்ல வேண்டும். மண்டலப் போட்டியில் ஜமுனா என்னைத் திரும்பிப் பார்ப்பாள். அது நிச்சயம். அப்போது நான் சொல்ல வேண்டுமா, சொல்லாமல் இருக்க வேண்டுமா? சொல்லாமல் இருப்பதுதான் சரியென்றால், அதை எப்படிச் செய்வது? தண்ணீர், விசில், மிட்டாய் மூன்றையும் தவிர வேறு ஏதாவது சொல்லுங்கள். என் கணவரை அழைத்துப்போகலாமா என்பதையும் எழுதுங்கள். அவர் ஏற்கெனவே லீவு எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஒரு வேண்டுகோள். பதிலில் ‘உடு’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். உங்கள் கடிதங்களை எங்கள் வீட்டில் சத்தமாகப் படிப்பவர் அவர்தான். யாழினி அப்போது பெரும்பாலும் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.